நாமறியோம்: ஒரு சொல்லின் யாழ்ப்பாணத்து வரலாறு

1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் இறுதிப் பகுதி. யாழ்ப்பாணத்தில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையில் அன்று எனக்கு இரவுப் பணி. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஊரடங்கு வேளையில் வீடு திரும்ப இயலாது என்பதால் இரவுப் பணியாளர்கள் அலுவலகத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிடுவோம். வெளியுலகச் செய்திகளுக்கு மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றே கதி. காதை அதனுடன் ஒட்டவைத்துக்கொண்டு, கேட்டதைக் குறித்துச் செய்தியாக்குவது எங்கள் வழக்கம்.

அவ்வாறு கேட்டு எழுதிய செய்திகளில் ஒன்று, டிசம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவில் காலமான வானியல் அறிஞர் கார்ல் சேகன் பற்றியது. பாமர மக்களுக்கு அண்டவெளியை விளக்கிச் சொன்னவர் அவர். வானொலியில் அவரை ‘அக்னொஸ்டிக்’ என்று குறிப்பிட்டார்கள். எனக்கு அவகாசம் இருக்கவில்லை. ‘நாத்திகரான இவ்விஞ்ஞானி’ என்று எழுதி அச்சுக்கோக்கக் கொடுத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் எங்கள் ஒப்புநோக்காளர் கையில் படியுடன் வந்தார். அறுபதைக் கடந்தவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பின் பத்திரிகைக்கு வந்தவர். கொழும்புத்துறைக்காரர்.

“தம்பி, இந்த மனிசன் கடவுள் இல்லையெண்டு சொன்னவரோ?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா. இருக்கிறாரோ இல்லையோ தெரியாது எண்டு சொன்னவராம்.”

“அப்ப நாத்திகன் எண்டு போட்டால் பொய்யெல்லோ? இல்லையெண்டு சொல்லுறவன் வேறை, தெரியாதெண்டு சொல்லுறவன் வேறை.”

“அப்படியெண்டால் தமிழிலை என்ன சொல்லுப் போடுறது ஐயா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே யோசித்தார். பின்னர் சிரித்தார். “நாமறியோம் எண்டு சொன்ன ஒருத்தர் எங்கடை ஊரிலை இருந்தவர். அவரிட்டைத்தான் கேக்கவேணும்” என்றார்.

இறுதியில் ‘கடவுள் உண்டா, இல்லையா என்பதில் முடிவு கூறாதவர்’ என்று அச்சாகியது. பிற்காலத்தில் அகராதிகளைப் புரட்டியபோது அறியொணாமைக் கொள்கை, ஐயுறவுவாதம் என்றெல்லாம் சொற்களைக் கண்டேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை. அந்த ஒப்புநோக்காளர் வேடிக்கையாகச் சொன்ன ‘நாமறியோம்’ மாத்திரம் இத்தனை ஆண்டுகளாக என்னுடன் வந்துகொண்டிருக்கின்றது. கடவுளை அறிய முடியுமா என்ற கேள்விக்கு எங்கள் குடாநாடு வெவ்வேறு காலங்களில் சொன்ன விடைகளை, என் அறிவுக்கு எட்டிய வரையில், இங்கே தொகுத்துப் பார்க்க விரும்புகின்றேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே ஆண்டில் எங்கள் அலுவலக வாசலுக்கு வேறொரு கேள்வியுடன் நாள்தோறும் வந்து நின்றவர்கள் இருந்தார்கள். அதனைக் கட்டுரையின் முடிவில் சொல்கின்றேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘அக்னொஸ்டிக்’ என்பது பழைய கிரேக்கச் சொல் போலத் தோன்றினாலும் அதன் வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடைதோறும் வாதாடிய ஆங்கிலேய உயிரியலாளர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி அதனை 1869இல் ஆக்கினார். இலண்டனில் அவர் அங்கம் வகித்த தத்துவக் கழகத்தில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ‘வாதி’யாக இருந்தார்கள். ஆத்திகர், நாத்திகர், பொருள்முதல்வாதி, கருத்துமுதல்வாதி என்று எல்லோருக்கும் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. தமக்கு மட்டும் எதுவும் இல்லாமையால் வாலிழந்த நரி போல உணர்ந்ததாக ஹக்ஸ்லி பிற்காலத்தில் எழுதினார். மற்றவர்கள் எல்லோரும் தாம் ஓர் ‘அறிவை’ எட்டிவிட்டதாக நம்பினார்கள். தமக்கு அந்த நிச்சயம் இல்லை. எனவே ‘அறியாதவன்’ என்ற பொருளில் ஒரு பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார்.

இதனை ஒரு மதமாகவோ, மதமறுப்பாகவோ கொள்ளக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அது ஒரு முறை என்றார். அம்முறைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, பகுத்தறிவு எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லுமோ அவ்வளவு தூரமும் அதன் பின்னே தயக்கமின்றிச் செல்லவேண்டும். மற்றது, நிறுவப்படாததையும் நிறுவமுடியாததையும் நிச்சயமென்று சொல்லக்கூடாது. எம்மவர்களில் பலர் இரண்டாவது பக்கத்தை மாத்திரம் நினைவில் வைத்திருக்கின்றார்கள். ‘தெரியாது’ என்று சொல்லிக் கைகழுவிவிடுவதே இக்கொள்கை என எண்ணுகின்றார்கள். முதற்பக்கம் இல்லாத இரண்டாவது பக்கம் வெறும் சோம்பல்.

ஹக்ஸ்லி இம்மனநிலைக்கு வந்தது கழக மண்டபங்களில் மட்டுமன்று. 1860 செப்டெம்பரில் அவருடைய மூத்த மகன் நோயெல், நான்கு வயது நிரம்புமுன்னர், செங்காய்ச்சலால் இறந்துபோனான். நண்பரும் மதகுருவுமான சாள்ஸ் கிங்ஸ்லி, ஆன்மா அழிவதில்லை என்று ஆறுதல் கூறிக் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லி எழுதிய பதில் நீண்டது; துயரம் நிறைந்தது. ஆன்மாவின் அழியாமையைத் தாம் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நம்புவதற்குக் காரணம் காணவில்லை, பொய்யென்று நிறுவவும் வழியில்லை என்பதே அதன் சாரம். புத்திரசோகத்தின் நடுவில் தமக்கு இதமான ஒரு விடையை நோக்கிச் சாய்ந்துவிடக்கூடாதென அந்தத் தகப்பன் தம்மைத் தாமே தடுத்துக்கொண்டார். சொல் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே அதன் பொருள் ஒரு குழந்தையின் கல்லறையருகே பிறந்துவிட்டது.

எங்கள் மரபுக்கு இக்கேள்வி புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரம் எடுத்துக்கொண்ட பொருளே இதுதான். கடவுள் அறியப்படும் பொருளா, அறியப்படாத பொருளா என்று அது கேட்கின்றது. மற்றப் பொருள்களைப் போல உயிர் தன் கருவிகளால் அறியக்கூடியது என்றால், அது தோன்றி மறையும் அசத்துக்களில் ஒன்றாகிவிடும். எவ்வகையாலும் அறியவே முடியாதென்றால், முயற்கொம்பு போல இல்லாத பொருளாகிவிடும். ஆகவே இரண்டு வழியும் அடைபடுகின்றன. சித்தாந்தி மூன்றாவது வழி ஒன்றைத் திறக்கின்றார். உலகப் பொருள்களைக் காட்டும் பாசஞானத்தாலும், உயிர் தன்னைத் தான் காணும் பசுஞானத்தாலும் அறியப்படாத ஒன்று, அவனருளாகிய பதிஞானத்தால் உணரப்படும் என்பதே அவ்வழி.

ஹக்ஸ்லி இதனை வாசித்திருந்தால் முதலிரண்டு படிகளுக்கும் தலையசைத்திருப்பார் என்றே நினைக்கின்றேன். மூன்றாவது படியில் நின்றுவிட்டிருப்பார். அருளால் உணர்ந்தவர் உணர்ந்தார் என்பதற்கு, உணராதவருக்குக் காட்டக்கூடிய சான்று என்ன என்று கேட்டிருப்பார்.

சுவையான ஒரு செய்தி என்னவென்றால், இந்நூலை ஆங்கிலத்தில் ஆக்கி மேற்குலகின் மேசையில் வைத்தவர் எங்கள் வட்டுக்கோட்டையில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பாதிரியார். அவர் பெயர் ஹென்றி ஹொய்சிங்டன்.

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதம், வானியல், தருக்கம் என்பன அங்கே உயர்தரத்தில் கற்பிக்கப்பட்டன. இவை யாவும் உண்மைக் கடவுளைக் காட்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தை ஒட்டி, உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்புக்கும் பூவர் பாதிரியாரின் கணிப்புக்கும் இடையே வேறுபாடு எழுந்தது. கிரகணம் தொடங்கும் நேரம் எது, எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதே பிரச்சினை. அன்றிரவு கூடிநின்றவர்கள் தம் கண்ணாலேயே பார்த்தார்கள். பாதிரியாரின் கணக்கே சரியாக இருந்தது.

அந்த இரவை நான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. கிரகணம் எப்போது தொடங்கும் என்பது அறியக்கூடிய கேள்வி. கணக்குப் போடலாம், அண்ணாந்து பார்க்கலாம், பிழை விட்டவர் பிழையை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கிரகணக் கணக்கில் வென்றவர்கள் அதனோடு நிற்கவில்லை. நிலவைப் பற்றி உங்கள் பஞ்சாங்கம் சொன்னது பிழையென்றால், கடவுளைப் பற்றி உங்கள் புராணம் சொன்னதும் பிழை என்று வாதிட்டார்கள். நிலவிலிருந்து கடவுளுக்குப் பாய்ந்த அப்பாய்ச்சலுக்குக் கணக்கு எதுவும் துணைநிற்கவில்லை. மாணவர்களும் அதனைக் கண்டுகொண்டார்கள் போலும். செமினரியில் கற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் பின்னர் சைவத்துக்கே திரும்பினார்கள். வானியலை அவர்கள் கைவிடவில்லை; அதன் முதுகில் ஏற்றப்பட்ட முடிவையே கைவிட்டார்கள்.

பூவருக்குப் பின் அதிபராக இருந்தவர்தான் ஹொய்சிங்டன். அவரும் வானியலாளர், தமிழில் சோதிட சாத்திரத்தை ஆராய்ந்து நூல் எழுதியவர். சைவர்களை மறுக்கவேண்டுமானால் அவர்களுடைய நூல்களை முதலில் கற்கவேண்டும் என்று கருதியவர். அவர் மொழிபெயர்த்த தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றும் 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. ‘சிவஞானபோதம்’ என்ற தலைப்பைக் ‘கடவுளறிவு பற்றிய போதனை’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அவர் விளக்கியிருந்தார். மறுப்பதற்காகக் கற்கத் தொடங்கியவர், அந்நூல்களில் ஆழ்ந்த சிந்தனை உண்டென்பதை உலகறியச் செய்துவிட்டார்.

அதே 1854இல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுகநாவலரின் சைவதூஷணபரிகாரம் வெளியானது. நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் உதவியவர். 1848இல் அப்பணியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். விவிலியத்தை வரி வரியாக அறிந்திருந்தமையால் அதனைக்கொண்டே பாதிரிமாருக்குப் பதில் சொன்னார். எங்கள் கோயிற் கிரியைகளை நீங்கள் இகழ்கின்றீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டிலும் ஆலயமும் பலியும் தூபமும் தீபமும் இருக்கின்றனவே என்று கேட்டார். அது பலமான கேள்வி. பாதிரிமார் அதுவரை சந்தித்திராத கேள்வி.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த நூற்றாண்டில் எங்கள் குடாநாட்டின் அச்சகங்கள் கக்கிய துண்டுப்பிரசுரங்கள் பல. கண்டனங்கள், மறுப்புகள், மறுப்புக்கு மறுப்புகள். இரு தரப்பும் அறிவிற் சிறந்தவர்களே. இரு தரப்பும் தம் உண்மையில் நிச்சயம் கொண்டிருந்தன. ‘இவ்விடத்தில் எனக்குத் தெரியவில்லை’ என்ற வாக்கியத்துக்கு அவ்விவாதக் களத்தில் இடமே இருக்கவில்லை. களத்தில் நிற்பவன் அதனைச் சொன்னால் தோற்றவன் ஆவான். அவ்வழக்கம் எங்கள் சமூகத்தின் எலும்புவரை ஊறிவிட்டதோ என்று பிற்காலத்தில் பல சந்தர்ப்பங்களில் நான் அஞ்சியிருக்கின்றேன். எதனையும் பட்டிமன்றமாகவே பார்ப்பதும், ஐயம் தெரிவிப்பவனை எதிரணியில் சேர்த்துவிடுவதும் மதத்தோடு நின்றுவிட்ட பழக்கங்கள் அல்ல.

நாவலர் கற்பித்த அந்த மிஷன் பாடசாலையே பின்னர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. அங்கே 1928இல் தாவரவியல் ஆசிரியராக வந்து சேர்ந்தார் கேரளத்துத் திருவல்லாவைச் சேர்ந்த ஆபிரகாம் கோவூர். மதகுருவின் மகன். அக்காலத்து அதிபர் காஷ் பாதிரியார் அவரிடம் விவிலிய பாடத்தையும் ஒப்படைத்தாராம். பரீட்சையில் மாணவர் அனைவரும் சித்தியெய்தினர். ஆயினும் அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. காரணம் கேட்டபோது, பெறுபேறு சிறப்புத்தான், ஆனால் படித்தவர்கள் எல்லோரும் விசுவாசத்தை இழந்துவிட்டார்களே என்று அதிபர் சொன்னதாகக் கதை. ஒரே பாடசாலை, இரண்டு ஆசிரியர்கள். விவிலியத்தை ஊன்றிக் கற்ற ஒருவர் சைவத்தின் காவலரானார். ஊன்றிக் கற்பித்த மற்றவர் பகுத்தறிவு இயக்கத்தின் தலைவரானார்.

ஓய்வுபெற்ற பின்னர் கோவூர் 1963இல் ஒரு சவாலை விடுத்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்துச் சொல்வது போன்ற அற்புதங்களில் ஒன்றையேனும், மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் செய்துகாட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபா என்றார். 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் வெல்லவில்லை. கண்களையும் உடலையும் தானமாக எழுதிவைத்துவிட்டே அவர் போனார்.

உறைக்குள் உள்ள இலக்கம் என்ன என்பது, கிரகணம் எப்போது என்பதைப் போல, அறியக்கூடிய கேள்வி. அக்கேள்வியை முன்வைத்து ஊரூராகச் சென்று ஏமாற்றுக்காரர்களை அம்பலப்படுத்தியவர் என்ற வகையில் கோவூர் எமக்கு நன்மை செய்தவர். ஹக்ஸ்லி சொன்ன முதற்பக்கத்தை அவர் முழுமையாகப் பின்பற்றினார். பேயோட்டுபவன் பொய்யன், எனவே கடவுளும் இல்லை என்று அவர் அடுத்த அடியை எடுத்துவைத்தபோது, நிலவிலிருந்து கடவுளுக்குப் பாய்ந்த வட்டுக்கோட்டைப் பாதிரிமாரைப் போலவே, எதிர்த்திசையில் பாய்ந்தார் என்பது என் எண்ணம். இதனை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

இனி, எங்கள் ஒப்புநோக்காளர் குறிப்பிட்ட மனிதரிடம் வருகின்றேன். யோகர் சுவாமிகள் 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். சம்பத்திரிசியார் கல்லூரியில் கற்றவர். இரணைமடுக் குளத்து நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகப் பணியாற்றியவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் அழுக்குத் துணியுடன், வருவோரை ஏசிக்கொண்டு, பித்தரைப்போல இருந்த செல்லப்பா சுவாமிகளை 1905ஆம் ஆண்டளவில் கண்டு அவருக்கு ஆட்பட்டார். 1915இல் குரு மறைந்த பின்னர் கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் குடியிருந்தார். 1964 மார்ச்சில் சமாதியடையும்வரை அமைச்சர்களும் வழக்கறிஞர்களும் தோட்டக்காரர்களும் அக்கொட்டிலின் வாசலில் காத்துநின்றார்கள்.

செல்லப்பரிடமிருந்து யோகர் பெற்றுத் தந்தவையாக நான்கு வாசகங்கள் எங்கள் ஊரில் வழங்கிவருகின்றன. அவற்றில் ஒன்று ‘நாமறியோம்’. மற்றொன்று ‘முழுதும் உண்மை’. சிவதொண்டன் நிலையத்துக்குச் சென்று வருபவர்களுக்கு இவை பழக்கமானவை. எனக்குத் தெரிந்த முதியவர்கள் வீட்டில் எது நடந்தாலும் பெருமூச்சுடன் ‘நாமறியோம்’ என்பார்கள். மழை பிழைத்தாலும் சொல்வார்கள். கலியாணம் குழம்பினாலும் சொல்வார்கள்.

யோகர் சுவாமியை ஹக்ஸ்லியின் அணியில் சேர்க்க நான் முயலவில்லை. அது இருவருக்கும் செய்யும் அநியாயம். யோகர் நல்லூரானை வணங்கியவர். அடியவர்களுக்குச் சிவதொண்டு செய்யுமாறு சொன்னவர். ‘முழுதும் உண்மை’ என்று சொல்லும் வாய், ஐயத்தில் நின்றுவிட்ட வாயாக இருக்கமுடியாது. அவருடைய ‘நாமறியோம்’ ஆறாம் சூத்திரத்தின் வழியில் வருவது. கண் எல்லாவற்றையும் காண்கின்றது. தன்னைத் தான் காண்பதில்லை. அறிபவனையே அறியப்படும் பொருளாக்க முனைந்தால் அறிவு தோற்றுப்போகின்றது. ‘நாம்’ என்று ஒன்று எஞ்சி நிற்கும்வரை அது அறியாது என்பதே அவ்வாசகத்தின் உட்பொருள் எனப் பெரியவர்கள் விளக்குவார்கள். ஹக்ஸ்லிக்கு ‘அறியோம்’ என்பது எல்லைக்கல். யோகருக்கு அது வாசற்படி.

இவ்வளவு வேற்றுமையிருந்தும் ஒரு விடயத்தில் அவ்விருவரும் ஒரே வேலையைச் செய்கின்றார்கள். எல்லாம் அறிந்தவன் என்று மார்தட்டுபவனின் வாயை அடைத்துவிடுகின்றார்கள். யோகரிடம் பதவிப் பெருமையுடன் சென்றவர்கள் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பிய கதைகள் பல. நாவலர் காலத்து விவாதக் களத்தில் சொல்லமுடியாதிருந்த வாக்கியத்தை, தோல்வியின் அடையாளமாக அன்றி ஞானத்தின் அடையாளமாக எங்கள் மண்ணில் சொல்லிக் காட்டியவர் தேரடிப் பித்தரும் அவருடைய சீடரும்தான்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் எங்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் அதனை அடிகாணாக் கிணறு என்றார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றை அதில் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் சொன்னார்கள். நாங்கள் எட்டிப் பார்த்துப் பயந்தோம். ஆனால் அக்கிணற்றுக்கு அடி உண்டு. அளந்திருக்கின்றார்கள். ஆழம் நூற்றைம்பது அடிக்கு மேல். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது சுண்ணக்கற் பாறையின் இயல்பு. அளக்கப்படும்வரை அது அறியாத ஒன்றாக இருந்தது. அறியமுடியாத ஒன்றாக ஒருபோதும் இருக்கவில்லை. அறியாததை அறியமுடியாதது என்று சொல்லி விழுந்து கும்பிடுவது பக்தியும் அன்று, பணிவும் அன்று. கயிறு கட்டி இறக்கிப் பார்க்கும் வேலையைத் தட்டிக்கழிப்பதுதான் அது.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் ஒத்திவைத்த விடயத்துக்கு வரவேண்டியிருக்கின்றது.

1996இல் இராணுவம் குடாநாட்டைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பின்னர், சோதனைச் சாவடிகளிலும் சுற்றிவளைப்புகளிலும் அழைத்துச் செல்லப்பட்ட பலர் திரும்பி வரவில்லை. அந்த ஓர் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அவ்வாறு காணாமற் போனவர்கள் அறுநூறு பேரளவில் என்று சர்வதேச மன்னிப்புச் சபை அடுத்த ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அவர்களுடைய தாய்மார் புகைப்படங்களுடன் பத்திரிகை அலுவலகத்துக்கு வருவார்கள். பெயர், வயது, அணிந்திருந்த உடை, துவிச்சக்கர வண்டியின் நிறம் என்பவற்றை நாங்கள் எழுதிக்கொள்வோம். அதற்கு மேல் எங்களால் எதுவும் செய்யமுடியாதிருந்தது.

ஒரு நாள் அரியாலைப் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், விபரம் எல்லாம் கொடுத்த பின்னும் எழுந்து போகவில்லை.

“தம்பி, பத்திரிகைக்காரர் உங்களுக்கு எல்லாம் தெரியவருந்தானே. பிள்ளை இருக்கிறானோ இல்லையோ எண்டாவது சொல்லுங்கோ” என்றார்.

“எங்களுக்குத் தெரியாது அம்மா” என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “ஆமிக்காரனும் தெரியாதெண்டுதான் சொல்லுறான். கச்சேரியிலையும் தெரியாதாம். நீங்களும் தெரியாதெண்டுறியள். ஆனால் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கிறான்தானே தம்பி?” என்று கேட்டுவிட்டு எழுந்து சென்றார்.

இருக்கின்றாரா, இல்லையா? கடவுளைப் பற்றிக் கேட்கப்படும் அதே சொற்கள். ஆனால் கேள்வி முற்றிலும் வேறானது. கடவுளைப் பற்றிய கேள்வியில், அறிந்தவன் ஒருவன் இருக்கின்றானா என்பதே எமக்குத் தெரியாது. அந்த அம்மாவின் கேள்வியில், அறிந்தவன் ஒருவன் நிச்சயம் இருந்தான். எங்கோ ஒரு முகாமில் சாப்பிட்டு, உறங்கி, சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தான். முதலாவது கேள்விக்குத் ‘தெரியாது’ என்பது நேர்மையாக இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு, தெரிந்தவன் சொல்லும் ‘தெரியாது’ பொய். தேடிப்பார்க்கக் கடமைப்பட்டிருந்தும் தேடாதவன் சொல்லும் ‘தெரியாது’ அதனிலும் சிறிதே குறைந்த பொய்.

1998இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு சிப்பாய், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் அங்கே பதினைந்து சடலங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பின்னர் பல ஆண்டுகள் மண் மூடியே கிடந்தது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் பின்னர் அவர்களில் பலர் விடை கிடைக்காமலே இறந்துபோனார்கள். 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி, காணாமற் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐக்கிய நாடுகள் அதிகாரி ஒருவரிடம் சொன்னார். எங்கே, எப்போது, எவர் கையில் என்ற விபரம் எதுவும் அதனுடன் வரவில்லை. பல்லாண்டுகள் ‘அறியோம்’ என்ற அரசு, ஒரே நாளில் சான்று எதுவும் காட்டாமல் ‘அறிவோம்’ என்றது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரியாலை, செம்மணியில் உள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் அந்த ஆண்டு செப்டெம்பர் வரை நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. சிறுவர்களுடையவையும் அவற்றுள் அடக்கம். ஒரு நீல நிறப் பாடசாலைப் பையும் ஒரு விளையாட்டுப் பொம்மையும் மண்ணிலிருந்து வந்தன. அவ்வெலும்புகள் எவருடையவை, எக்காலத்தவை என்பது நிலாவரையின் ஆழத்தைப் போல அறியக்கூடிய கேள்வி. அதற்கு அருள் தேவையில்லை. தூரிகையும் சல்லடையும் ஆய்வுகூடமும் அச்சமற்ற நீதவானும் போதும்.

யோகர் சுவாமி இருந்த கொழும்புத்துறையிலிருந்து அந்த மயானத்துக்கு அதிக தூரமில்லை. துவிச்சக்கர வண்டியில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அகழ்வு நடந்த நாட்களில் ஒரு தடவை நான் அவ்வழியே போனேன். கயிறு கட்டி மறித்திருந்த இடத்துக்கு இப்பால் வயதான பெண்கள் சிலர் குந்தியிருந்தார்கள். குழிக்குள் நின்றவர்கள் மண்ணைச் சிறுகச் சிறுகத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டுக்கோட்டையில் வானத்தை நோக்கிய தொலைநோக்கி ஒரு காலத்து அறிவு முயற்சி என்றால், செம்மணியில் நிலத்தை நோக்கிய அந்தத் தூரிகை எங்கள் காலத்து அறிவு முயற்சி என்று தோன்றியது.

ஹக்ஸ்லி தம் மகனைப் புதைத்த இடத்தை அறிந்திருந்தார். அதற்கு அப்பால் உள்ளதையே அறியேன் என்றார். எங்கள் தாய்மாருக்கு அந்த இடம்கூடத் தெரியாது. கல்லறை எங்கே என்று தெரிந்தவனுக்கே, கல்லறைக்கு அப்பால் என்ன என்று தெரியாது எனச் சொல்லும் உரிமை உண்டு.

எங்கள் ஒப்புநோக்காளர் ஐயா இன்று இல்லை. கடவுளை அறியமுடியுமா என்று என்னை எவரும் கேட்டால், அவர் அன்றிரவு சிரித்துக்கொண்டு சொன்ன சொல்லையே நானும் சொல்வேன். அந்தச் சொல்லைக் கடவுளுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். அரியாலை அம்மா என்னிடம் கேட்டதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளாக நான் விடை சொல்லவில்லை. அதற்கு ‘நாமறியோம்’ விடையாகாது.